சீனியம்மா வீட்டுப் பத்தொம்பது பெட்டி

நம்ம பக்கம் ரயிலும் வராத, காரும் வராத காலம். இந்தக் கருங்குளத்துல சீனியம்மா, சீனியம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். நம்ம மூத்த வழியில வந்தவ. எத்தனாவது தலமொறைன்னு கேட்டுறாதீங்கத்தா, விரல் விட்டு எண்ணினா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வருது எனக்கு.

புருசன் செத்துப்போயிட்டான். பிள்ள குட்டி இல்ல. விதை போட்டு வைக்கிற கல்லுக் கட்டின அறையும், அதுல பத்தொம்பது மரப்பெட்டியும் மிஞ்சிச்சு. எங்க அத்தை இருபத்தொண்ணுன்னு சாதிப்பா. பத்தொம்பதுன்னே வைங்க.

சுவிஸ் பேங்க், பேரில்லாத கணக்கு, ரெண்டு சாவின்னு டிவியில சொல்றான்ல? அதேதான். அவன் முந்தியா இவ முந்தியா, அது எனக்குத் தெரியாது. பெட்டிக்கு ரெண்டு பூட்டு. ஒரு பூட்டுக்குச் சாவி சீனியம்மா இடுப்புல. இன்னொண்ணுக்குச் சாவி பொருள் வச்சவ மடியில. பெட்டியில பேரு கிடையாது, அடையாளம் கிடையாது. அத்தன சாவியும் ஒரே கொல்லன் அடிச்சது, பார்வைக்கு எல்லாம் ஒண்ணுபோல.

எவளாவது வந்தா, அவ சாவியத் தாம்பாளத்துல வாங்கி விளக்குக்கு முன்ன வைப்பாளாம். பெறகு தன் பூட்டுச் சாவிய நீட்டுவாளாம். "எடுத்துக்க தாயி, ரெண்டையும் நீயே திறந்துக்க, நான் செவத்தப் பாத்துக்கிறேன்"ம்பா. செவத்தப் பாத்துத் திரும்பி நிப்பா. எந்தப் பெட்டி யாருது, உள்ள என்ன, அவளுக்கே தெரியாது. சாவி யாரு கையில இருக்கோ அவங்கதான் உடையவங்க. கேள்வி கிடையாது. அதுதான் அவ வாக்கு.

பேச்சின்னு ஒருத்தி ஒரு காசுமாலையும் ஒரு சோடி தோடும் அங்க வச்சிருந்தா. மக வெயிலாச்சி கல்யாணத்துக்கு. தை பொறந்தா கல்யாணம். பையன் நல்ல பையன். ஆனா அவ புருசன் சன்னாசி இருக்கானே, சேவக்கட்டுப் பந்தயப் பைத்தியம். மாட்ட வித்தான், காட்ட வித்தான். நகை இல்லாட்டா கல்யாணம் நின்னுரும். நகையே வேண்டாம், பொண்ண ரெண்டாந்தாரமாக் குடுன்னு அறுபது வயசுக் கிழவன் ஒருத்தன் பக்கத்தூர்ல வாயப் பொளந்துக்கிட்டு நிக்கான். புள்ளைக்கு வயசு பதினெட்டு. வயிறு எரியுதுல்ல? எனக்கு இப்பவும் எரியுது.

ஒருநாக் காலையில சன்னாசி பொண்டாட்டி மடிய உருவி, சாவியப் பறிச்சிக்கிட்டு சீனியம்மா வீட்டுக்கு வந்துட்டானாம்.

"திற பெட்டிய!"

"எந்தப் பெட்டிய்யா?"

"பேச்சி பெட்டி."

"பேச்சியா? இங்க பேரே கிடையாதேய்யா."

"சாவி என் கையில இருக்கு. பத்தொம்பதையும் போட்டுப் பாக்கேன்!"

இப்ப என்ன செய்வா அவ? சாவி அவன் கையில. மாட்டேன்னா வாக்குப் போச்சு. சரின்னா அந்தப் புள்ள வாழ்க்க போச்சு. ஒண்ணும் ஓடாம, தாம்பாளத்த நீட்டினாளாம். அவன் சாவியப் போட்டான்.

அதுக்குள்ள பேச்சி தலைவிரி கோலமா ஓடி வாரா. அவ கத்தின கத்துல, பருத்திக்காட்டுல நின்ன பொம்பளைக பூராவும் பின்னால ஓடி வருது. பேச்சிக்கு நாத்தனா ஒருத்தி, சன்னாசிக்குக் கூடப்பொறந்தவ, நேரா தாம்பாளத்துக்கிட்ட வந்து, "நானும் பெட்டி திறக்கத்தான் வந்தேன்"னு தன் சாவியப் போட்டா. ணங்! அடுத்தவ, "நானுந்தான்." ணங்! ணங், ணங்குன்னு பத்தொம்பது சாவியும் விழுந்துருச்சு. சீனியம்மா கைய விட்டு ஒரு கலக்குக் கலக்கினா.

"எடுத்துக்க சன்னாசி."

"எது என் சாவி?"

"உன் சாவி உனக்குத் தெரியாதா? பாத்து எடு. மாத்தி எடுத்தா களவு."

வாசல்ல அந்தப் பொம்பளைக புருசமாரெல்லாம் வந்து நிக்காங்க. சன்னாசி கைய நீட்டுறான், இழுக்கான், நீட்டுறான், இழுக்கான். முழிபிதுங்கிப் போயி, துண்டை உதறிட்டுப் போயிட்டான்.

அவன் போயிட்டான். பெறகுல்ல இருக்கு கூத்து! எந்தச் சாவி எவளுது? ஒருத்திக்கும் தெரியல. "ஏட்டி, என் சாவி இதுவா?" "இது என்னதுட்டி!" "ஐயோ, என் மாமியாருக்குத் தெரியாம வச்சதாச்சே!" ஒரே கூப்பாடு. சீனியம்மா சொன்னா, "எல்லாரும் செவத்தப் பாத்து நில்லுங்க. ஒவ்வொருத்தியா உள்ள போங்க. என் சாவியோட மொத்தச் சாவியவும் கொண்டு போங்க. போட்டுப் பாத்து, உங்களுது எதுவோ அத மட்டும் எடுத்துக்கோங்க." முதல் ஆளா அவளே செவத்தப் பாத்து நின்னா.

யோசிச்சுப் பாருங்கத்தா. ஒருத்தி தனியா உள்ள, அத்தன சாவியும் அவ கையில, அத்தன பெட்டியும் முன்னால, பாக்க ஆளில்ல. பொழுது சாயுற மட்டும் போனாங்க, வந்தாங்க. ஒருத்தி பொருள்ல ஒரு குன்றிமணி குறையல.

கடைசியாப் பேச்சி போனா. போனவ வெளிய வரல. உள்ள அழுக சத்தம். பெட்டியில காசுமாலை இருக்கு, தோடு இருக்கு. அதோட ரெண்டு வளையல், ஒரு மூக்குத்தி, ஒரு சோடி கொலுசு. "யாத்தே, இது எனக்குள்ளது இல்லியே! யாரு வச்சது?"ன்னு கேட்டாளாம். ஒருத்தியும் திரும்பல. சீனியம்மா மட்டும், "உன் பெட்டியில இருந்தா உன்னது. கேக்காத"ன்னாளாம்.

பேச்சி பெட்டி எதுன்னு அவளுகளுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு? மாத்தித் திறந்தவளுக பாத்திருப்பாளுகன்னு எங்க சித்தப்பா சொல்லுவாரு. பொண்ணுக்குச் சேத்து வச்சது யாருதுன்னு ஊருக்கே தெரியுமே. இல்ல, சீனியம்மாவே வச்சதும்பா அத்தை. அவதான் திரும்பவே இல்லியே! எனக்கு இன்னைக்கும் குழப்பந்தான்.

தையில வெயிலாச்சி கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. அன்னையில இருந்து நம்மூர்ல தாலி கட்டுறதுக்கு முன்னாடி பொண்ணு பக்கத்துல ஒரு திறந்த பெட்டிய வச்சிட்டு, பொண்ணு உட்பட அத்தன பொம்பளையும் செவத்தப் பாத்துத் திரும்பிக்கிறோம். ஒவ்வொருத்தியாப் போயி பெட்டியத் தொட்டுட்டு வருவா. போடலாம், போடாமலும் வரலாம். யாரு போட்டான்னு கேக்கப்படாது.

என் கல்யாணத்துக்கு எங்க ஐயா வெறுங்கையோடதான் நின்னாரு. பெட்டியில ஒரு சோடி கம்மல் கிடந்துச்சு. இந்தா, காதுல கிடக்கே, இதுதான். நாப்பது வருசமாச்சு, யாருன்னு தெரியல. இந்தத் தெருவுல எவகூடயாவது குழாயடியில சண்டைக்கு நின்னா, பாதியில வாய் அடைச்சுப் போகுது. இவளோ என்னமோன்னு.