அறபாவின் பச்சை

நீங்கள் ஊற்றித் தந்த பிளேன்டீயில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, அதிபர் ஸேர். பரவாயில்லை. விசாரணைக்கு என்று கூப்பிட்டுவிட்டுத் தேநீரும் கொடுக்கிற மனம் எல்லோருக்கும் வராது. அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

சித்திர வகுப்புக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் முதன்மை நிறங்கள், மற்றதெல்லாம் கலப்பு. நம் பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டியும் அந்த ஒழுங்கில்தான் நடந்து வந்தது. ஸபா இல்லம் சிவப்பு, மர்வா மஞ்சள், ஹிரா நீலம். ஸபாவுக்கு நான் பொறுப்பாசிரியர் என்பதும், கேடயம் பெரும்பாலும் ஸபாவுக்கே வரும் என்பதும் தற்செயல்.

பிள்ளைகள் கூடிவிட்டார்கள் என்று இந்த வருடம் நாலாவதாக அறபா இல்லத்தை உண்டாக்கினீர்கள். பச்சை. கூட்டத்தில் எழும்பி, பச்சை என்பது மஞ்சளுக்கும் நீலத்துக்கும் பிறந்த பிள்ளை, தாய் தகப்பனோடு ஒரே வரிசையில் அது நிற்கலாமா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தீர்கள். கணிதம் படிப்பிக்கும் றிஸ்கான் ஸேர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அறபாவை அவரிடமே கொடுத்தீர்கள்.

மற்ற இல்லங்களிலிருந்து பிரித்துக் கொடுத்த பிள்ளைகளில், ஸபாவில் இருந்த என் மகள் ஸஹ்றாவும் ஒருத்தி. அது எனக்குப் பெரிய விடயமல்ல. அவளைக் கொடி பிடித்துப் போகும் அணிநடைக்குத் தலைவியாக்கினார்கள். அதுவும் பெரிய விடயமல்ல. வீட்டில் சோறு தின்னும்போதும் "றிஸ்கான் ஸேர் சொன்னாரும்மா" என்றுதான் தொடங்குவாள். கேட்டுக்கொண்டு மீனைப் பரிமாறுவேன்.

போட்டி நெருங்கியபோது அவரே என்னிடம் வந்தார்.

"புத்தளம் முழுக்கத் தேடிட்டன் டீச்சர், பச்சை ரீசேட் இல்ல. வெள்ளதான் கெடச்ச. பச்சை எப்பிடி எடுக்கிற?"

"மஞ்சளும் நீலமும் ஸேர்."

"எந்த மஞ்சள்?"

"கறிக்குப் போடுற மஞ்சள்தான். புள்ளையள்ட தோலுக்கு ஒண்டும் செய்யாது. பொறகு உடுப்புக்குப் போடுற நீலத்தில முக்கி எடுங்க."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மஞ்சளுக்கு நம் கரையில் பஞ்சமுமில்லை. அது இரவில் எந்தப் படகில் வருகிறது என்று நானும் கேட்பதில்லை, நீங்களும் கேட்பதில்லை. சேட்டுகள் இளம் வெற்றிலை நிறத்தில் வந்தன. ஸஹ்றா போட்டுக் காட்டி, "வடிவா இரிக்காம்மா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். உண்மையிலேயே வடிவாகத்தான் இருந்தது.

மைதானத்துக்குக் கோடு போடும் வேலையை வருடாவருடம் எனக்குத்தான் தருகிறீர்கள். கை நடுங்காதவள் என்று. இம்முறை சுண்ணாம்புத் தூளைத் தாராளமாகப் போட்டேன். அறபா நிற்கிற இடத்துக்குக் காற்று வரும் பக்கத்தில் இன்னும் தாராளமாக. கற்பிட்டிக் காற்றை நான் வரவழைக்கவில்லை. பிள்ளைகளை வெயிலில் வியர்க்க வைத்ததும் நானல்ல. உங்கள் தலைமையுரை நீளம், ஸேர்.

பிறகு நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். முதலில் தோள்களில் புள்ளி புள்ளியாக, பிறகு முதுகெல்லாம். "ரத்தம், ரத்தம்" என்று தாய்மார் கயிற்றைத் தாண்டி ஓடி வந்தார்கள். அணி குலைந்தது. ஸஹ்றா மட்டும் கொடியை இறக்காமல், என்ன நடந்தது என்று தெரியாமல் அழுதுகொண்டு நின்றாள். கேடயம் ஸபாவுக்கு வந்தது.

உடப்பிலிருந்து வந்திருந்த நடுவர்தான் ஒரு சேட்டைத் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"எங்கட ஊர்ல பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்க மஞ்சளும் சுண்ணாம்பும் கரைப்பம். இந்த நிறந்தான் வரும்," என்றார். பிறகு வெள்ளையாக இருந்த என் கைகளைப் பார்த்தார்.

அவர் சொன்னது சரி. என்னோடு பயிற்சிக் கல்லூரியில் படித்த உடப்புச் சிநேகிதியின் கல்யாணத்தில்தான் நானும் அதைக் கண்டேன். ஓம் ஸேர், தெரிந்துதான் செய்தேன். நீலமும் கலந்திருந்தபடியால் சுத்தமான சிவப்பு வராமல் கருஞ்சிவப்பாகிவிட்டது. அது ஒன்றுதான் எனக்குக் கவலை. றிஸ்கான் ஸேர் ஒவ்வொரு தாயிடமும் மன்னிப்புக் கேட்டது நல்ல பண்பு.

ஸஹ்றா இன்னும் என்னோடு கதைக்கவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். ஸபாவுக்குத் திரும்பி வர எப்படிக் கேட்பது என்ற வெட்கம்தான், வேறென்ன.