நேற்று வீடு பார்த்த அம்மா

“எங்களுக்கு முன்னாடி வேற யாராவது இந்த வீட்டைப் பார்த்தாங்களா?”

வீடு வாங்க வந்த டாக்டரம்மா இப்படிக் கேட்டபோது மாலை ஐந்தே கால். அதற்குள்ளேயே இருட்டத் தொடங்கியிருந்தது. என்கூடப் படித்த ஒருத்தியின் சித்திக்கு நடந்தது இது.

ஏரியைச் சுற்றியுள்ள விடுமுறை வீடுகளை விற்றுக் கொடுப்பதுதான் சித்தியின் வேலை. இலை உதிர ஆரம்பித்துவிட்டால் அந்தப் பக்கம் ஈ, காக்கை இருக்காது. எல்லா வீட்டிலும் நாற்காலி மேல் வெள்ளைத் துணி... பூட்டின சன்னல். ஊருக்குத் திரும்பப் பத்து கிலோமீட்டர், ஒரே சாலை. அதிலும் விளக்கு கிடையாது.

அந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை. சித்தியிடம் பதில் தயார். பத்து வருடமாக ஒரே பதில்.

“நேத்துதான் ஒரு அம்மா வந்தாங்க. பச்சை சுவெட்டர். ஒரு கால் கொஞ்சம் இழுக்கும், பாவம். மாடி ரூமை விட்டு நகர மனசே இல்ல அவங்களுக்கு.”

அப்படி ஒரு அம்மா கிடையாது. போட்டிக்கு ஆள் இருக்கிறது என்றால்தான் வாங்குகிறவர்களுக்கு அவசரம் வரும். பொய்க்கு ஒரு சுவெட்டரும் ஒரு காலும் கொடுத்துவிட்டால் நம்பிவிடுவார்கள்.

ஆபீசில் முதலாளி கிண்டல் செய்வார். “பத்து வருஷமா அலைய விடுறியேம்மா. அந்தம்மாவுக்கும் ஒரு வீட்டை முடிச்சுக் குடேன்.”

இந்த வருடம் அவர் கிண்டல் செய்யவில்லை. இந்த வீடு இம்மாதம் போகாவிட்டால் அடுத்த மாதம் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா மாடிக்குப் போனாள். அவள் கணவர் சமையலறைக் குழாயைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி கூடத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். மேலே மரத்தரையில் நடை... டக். டக். டக்.

நின்றது.

அப்புறம்... டக். சர்ர். டக். சர்ர்.

தைல வாசனை வந்தது. மூட்டுவலிக்குத் தேய்ப்பார்களே, அது. சித்தி தன் பொய்யில் தைலத்தைச் சேர்த்ததே இல்லை.

டாக்டரம்மா இறங்கி வரக் கால் மணி நேரமானது.

“வீடு ரொம்பப் பிடிச்சிருக்குங்க. ஆனா அந்தம்மா மேலதான் உக்காந்திருக்காங்க. இதுவரைக்கும் பார்த்த வீட்டையெல்லாம் ஒண்ணு விடாம சொல்றாங்க. கேக்கவே சங்கடமா இருக்கு. அவங்களே எடுத்துக்கட்டும்.”

சித்தி அவசரமாக மறுத்தாள். “அப்படி யாருமே இல்லைங்க. நான் சும்மா... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“நல்லா இருக்குங்க உங்க பேச்சு. உங்க கார்லதான் வந்தேன்னு அவங்களே சொன்னாங்க.”

அவர்கள் போய்விட்டார்கள். வண்டிச் சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. சித்தி சாவியைப் பிடித்தபடி நின்றாள்.

படியில்... டக். சர்ர்.

பச்சை சுவெட்டர் இறங்கி வந்தது. முழங்கையில் நூல் பிரிந்து தொங்கியது. கடைசிப் படியில் அந்தம்மா நின்று, வீடு வாங்க வருகிறவர்கள் செய்வதுபோலவே, சுவரை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

சித்தியைக் கடந்து வாசலைத் தாண்டிப் போய், சித்தியின் காரில் முன்சீட்டில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டாள்.