லைட் சரியாகும்வரை

மார்ச் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, என் வீட்டு முன்னறையில் படப்பிடிப்பு நடந்தது. இயக்குநர், கேமராக்காரர், ஒலிப்பதிவுக்காரர் என்று மூன்று பேர். எல்லோருக்கும் நான்தான் தேநீர் போட்டேன்.

இயக்குநர் எனக்குப் புதியவர் அல்ல. சுரங்கம் சரிந்து என் கணவர் உள்ளே மாட்டிக்கொண்டபோது, காத்திருக்கும் மனைவியைப் படமெடுக்க வந்தவர். நமக்காகப் பேச ஒருவராவது வந்தாரே என்று சம்மதித்தேன். படத்தில் சுரங்க மேற்பார்வையாளர் வந்து சாவுச் செய்தி சொல்ல, நான் சுவரோடு சரிந்து உட்காருவேன். அந்தக் காட்சிக்காகவே படம் பேசப்பட்டது, பரிசு வாங்கியது.

அடக்கம் முடிந்த பிறகு மேற்பார்வையாளர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் உயிரோடதான் வெளிய வந்தாரும்மா. உங்களத்தான் கேட்டாரு. அதச் சொல்லத்தான் ஓடி வந்தேன். லைட் சரியாகட்டும்னு என்ன வாசல்லயே நிக்க வச்சுட்டாங்க. நின்னுக்கிட்டு இருக்கும்போதே அடுத்த போன் வந்துருச்சு."

நான் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. நான் இப்போது எப்படி இருக்கிறேன் என்று இன்னொரு படம் எடுக்க இயக்குநர் கேட்டபோதும், வாருங்கள் என்றுதான் சொன்னேன்.

படம் ஓடும்போது யாரிடமும் போன் இருக்கக் கூடாது என்பது அவர் வழக்கம். மூன்று போன்களையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுச் சமையலறையில் வைத்தார்கள்.

"அக்கா, டப்பா பத்திரம். எங்க உயிரே அதுலதான் இருக்கு" என்றார் கேமராக்காரர்.

"போன தடவ மாதிரியே இயல்பா இருங்கம்மா" என்றார் இயக்குநர்.

"போன தடவ எனக்கு ஒண்ணும் தெரியாதே சார்."

இயக்குநரும் கேமராக்காரரும் சிரித்தார்கள்.

பேட்டரி மாற்றும் இடைவெளியில் தண்ணீர் குடிக்கப் போனேன். டப்பா அதிர்ந்துகொண்டிருந்தது. எடுத்தேன். இயக்குநரின் மனைவி. மகள் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், அப்பாவைப் பார்க்க வேண்டும் என்கிறாள், உடனே வரச் சொல்லுங்கள் என்றார். சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன், சற்றுத் தாமதமாக.

அன்று போல நான் என்றுமே பேசியதில்லை. இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. போதும் என்று அவர் சொல்லும்போதெல்லாம், "இன்னொண்ணு ஞாபகம் வருது சார்" என்றேன்.

அடுத்த இடைவெளியில் அந்தப் பெண்ணே பேசினாள்.

"ஆன்ட்டி, அப்பா கிளம்பிட்டாரா?"

"கிளம்பிட்டாரும்மா. வழியிலதான் இருக்காரு. நீ தைரியமா இரு."

"சரி ஆன்ட்டி."

திரும்பி வந்து, "ஒரு தடவ நீங்க என் நாற்காலியில உக்காருங்க சார், நான் கேக்கறேன்" என்றேன். நல்ல யோசனை என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி. கேமராக்காரர் விளக்கைத் திருப்பினார். முகத்தில் நிழல் விழுந்தது. அது சரியாகும்வரை காத்திருந்தேன்.

"ஓடுதா தம்பி?"

கேமராக்காரர் தலையசைத்தார். அதன் பிறகே சொன்னேன்.

அவர் மைக் ஒயரையும் இழுத்துக்கொண்டு ஓடினார். கேமராவை யாரும் நிறுத்தவில்லை. அவர்களுக்கு அப்படித்தான் பழக்கம்.

வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்கிறீர்கள். ஆமாம். அவர் போய்ச் சேர்வதற்குள் பெண் இறந்துவிட்டாள். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவளிடம் கடைசியாக நல்ல வார்த்தை பேசியதே நான்தான்.