குளியலறைச் சுவரோரம் ஒரு கசிவு

எங்கள் வீட்டுக் குழாய் வேலைகளை நானேதான் பார்ப்பேன், சார். பிளம்பர் இதோ வருகிறேன் என்பார், ஒரு வாரம் ஆளைக் காணக் கிடைக்காது. அதனால் ஸ்பேனர், டேப் எல்லாம் சமையலறை இழுப்பறையிலேயே இருக்கும். உங்கள் ஆட்கள் எடுத்துப்போனது அந்த ஸ்பேனர்தான்.

அம்மா போனபோது தங்கைக்கு ஐந்து வயது. தலைவாரி விட்டது, காய்ச்சலில் கண்விழித்தது, படிக்கவைத்தது எல்லாம் நான். குறையாகச் சொல்லவில்லை. வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை கிளம்புகிறேன் என்று அவள் பெட்டி அடுக்கியபோதும் நான் சத்தம் போடவில்லை. அவள் தன் அறையை ஒட்டிய குளியலறைக்குக் குளிக்கப் போனதும் அவள் செல்போனை எடுத்துக்கொண்டு அறையை வெளியிலிருந்து பூட்டினேன். ஜன்னலுக்குப் பின்னால் இரும்புப் பட்டறை. கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

"போகலைன்னு ஒரு வார்த்தை சொல்லு. திறந்துடறேன்" என்றேன்.

"மாட்டேன்க்கா. எத்தனை நாள் பூட்டி வச்சாலும் போவேன்."

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். பட்டினிக்கு அசருகிற ஆள் இல்லை. அதனால் அவள் குளியலறைக்குப் போகும் தண்ணீரை நிறுத்தினேன். வாளியில் இருந்தது ஒரு நாளில் தீர்ந்திருக்கும். ஆனால் நான்காம் நாளும் குரல் கணீரென்று வந்தது. கதவில் காதை வைத்துக் கேட்டேன். குவளையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சமையலறைக்குப் போகும் குழாய் அந்தக் குளியலறைச் சுவரோரமாகத்தான் போகிறது. அதன் இணைப்பில் சின்னக் கசிவு. மறுநாள் காலை தொட்டி வால்வை மூடிவிட்டு உள்ளே போனேன். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"கோபம் போயிடுச்சாக்கா?"

"முதல்ல இந்தக் கசிவைச் சரி பண்ணிடறேன்."

எனக்கு டார்ச் பிடித்தாள். பழைய டேப்பைச் சுரண்டினேன். மரையைத் துடைத்து, புதிதாகச் சுற்றி இறுக்கினேன். "உனக்குத் தெரியாத வேலையே இல்லக்கா" என்றாள். குவளை முக்கால்வாசி நிறைந்திருந்தது. அதைக் கொட்டிவிட்டுக் கையில் எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. என் புடவையைப் பற்றிக்கொண்டாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல்தான் விலக்கினேன்.

கொன்றாயா என்று கேட்டீர்கள். கசிவை அடைத்தவள் நான். அதற்குப் பிறகு கதவைத் திறக்காதவளும் நான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கசிவை அடைத்த இரண்டாம் நாள் சாயங்காலம் கதவின் அடியிலிருந்து, "போகலக்கா, திற" என்றாள். திறக்கலாம் என்று சாவியைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் தாகத்துக்குச் சொல்வது வேறு, என் மேல் உள்ள பாசத்தில் சொல்வது வேறு இல்லையா? வளர்த்தவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா? சாவியைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டேன். அவள்தான் அவசரப்பட்டுவிட்டாள். இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் மனதாரவே சொல்லியிருப்பாள்.