குறட்டைச் சோதனை

டிரைவர்: மெதுவா தங்கச்சி, மெதுவா… முடியோட வருது.

டெக்னீஷியன்: முடி எங்க சார் இருக்கு வர்றதுக்கு? பசைதான் காஞ்சு போயிருக்கு. தலைய ஆட்டாதீங்க.

மனைவி: அப்படிச் சொல்லும்மா. நான் சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவார்.

டிரைவர்: தலை பூரா வயர், நெஞ்சுல ஒரு பெல்ட், வயித்துல ஒரு பெல்ட், மூக்குல குழாய், விரல்ல கிளிப்பு… இவ்வளவும் மாட்டிவிட்டுட்டு, வீட்டுல தூங்குற மாதிரி தூங்குங்கன்னா எப்படி?

டெக்னீஷியன்: தூங்கத்தானே செஞ்சீங்க.

மனைவி: இவருக்குத் தூங்க கட்டில்கூட வேண்டாம்மா. சிக்னல் போதும்.

டிரைவர்: ஆரம்பிச்சுட்டா.

டெக்னீஷியன்: சிக்னலா?

மனைவி: சிவப்புக்கு பஸ்ஸ நிறுத்தினவர் பச்சை விழுந்தும் எடுக்கல. ஸ்டியரிங் மேல தலை. கண்டக்டர் வந்து தோளத் தட்டியிருக்கார். வண்டி நிறைய ஜனம்…

டிரைவர்: ஒரு நிமிஷம் கண்ண மூடினேன். அவ்வளவுதான்.

மனைவி: ஓடிக்கிட்டு இருக்கும்போது மூடியிருந்தா?

டெக்னீஷியன்: அதுக்குத்தான் டிப்போவுல இங்க அனுப்பினாங்களா?

டிரைவர்: ஆமா. உங்க டாக்டர் சரின்னு சொன்னாத்தான் மறுபடி வண்டி குடுப்பாங்க. இல்லன்னா டிப்போ கேட்டுல உக்காந்து வர்ற போற வண்டிக்குக் கையாட்டணும்.

டெக்னீஷியன்: சரி, இந்தத் திரையப் பாருங்க. ராத்திரி நீங்க விட்ட மூச்சு பூரா இதுல இருக்கு. மேல ஓடுற கோடு, மூக்கு வழியா வர்ற காத்து. கீழ ரெண்டு கோடு நெஞ்சும் வயிறும்.

டிரைவர்: வயிறு என்ன இந்த ஆட்டம் ஆடுது?

டெக்னீஷியன்: நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல குடை மாதிரி ஒரு தசை இருக்கு, உதரவிதானம்னு பேரு. அது கீழ இறங்கினா நுரையீரல் விரியும், காத்து தானா உள்ள வரும். மேல ஏறினா வெளிய போகும். அதுதான் வயித்த ஆட்டுது.

மனைவி: அப்ப தொப்பை இல்லையா இது?

டெக்னீஷியன்: அதுவும் இருக்கு அக்கா.

டிரைவர்: சேர்ந்துக்கிட்டாங்கப்பா ரெண்டு பேரும்.

டெக்னீஷியன்: விளையாட்டு இருக்கட்டும். இந்த இடத்தப் பாருங்க. நெஞ்சு இழுக்குது, வயிறு இழுக்குது… மேல காத்துக் கோடு?

டிரைவர்: படுத்துக் கிடக்கு.

டெக்னீஷியன்: ஆமா. இழுக்குறீங்க, வரல. தொண்டைக்குக் கீழ இருக்கிற மூச்சுக்குழாய்ல குருத்தெலும்பு வளையம் வளையமா இருக்கும். அது அமுங்காது. ஆனா அதுக்கு மேல, நாக்குக்குப் பின்னாடி இருக்கிற தொண்டையில வளையம் கிடையாது. வெறும் சதை. தூங்கினா தொய்யும். நாக்கு பின்னால சரியும். வழி குறுகினா சதை அதிரும், அது குறட்டை. மொத்தமா ஒட்டிக்கிச்சுன்னா…

மனைவி: சத்தம் நிக்கும்.

டெக்னீஷியன்: சத்தமும் நிக்கும், மூச்சும் நிக்கும். ரத்தத்துல ஆக்சிஜன் இறங்கும். மூளை பயந்து போய் உலுக்கி எழுப்பும். உங்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ‘கர்ர்’னு ஒரு இழுப்பு, மறுபடி தூக்கம். உங்களுக்கு இது மணிக்கு முப்பது தடவைக்கு மேல வந்திருக்கு.

டிரைவர்: அடேங்கப்பா. நான் தூங்கவே இல்லைன்னு சொல்லு.

டெக்னீஷியன்: அதனாலதான் பகல்ல சொக்குது. ரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்கும் வேலை கூடும். இதுக்கு மாஸ்க் இருக்கு. மிஷின் காத்த லேசா தள்ளிக்கிட்டே இருக்கும், தொண்டை ஒட்டாது. டாக்டர் அதத்தான் சொல்லப் போறார். அளவு மட்டும் இப்பவே பார்த்துடலாம்…

டிரைவர்: வேண்டாம்.

டெக்னீஷியன்: என்ன வேண்டாம்?

டிரைவர்: மாஸ்க்தான். எனக்கு ஒத்துக்காது. யானைத் தும்பிக்கை மாதிரி… மூச்சு முட்டும்.

டெக்னீஷியன்: மூச்சு முட்டாம இருக்கத்தான் சார் அதே.

டிரைவர்: வேற மாத்திரை ஏதாவது எழுதச் சொல்லு.

மனைவி: ஏங்க, பொண்ணு இவ்வளவு சொல்லுது…

டிரைவர்: நீ போய் ஒரு டீ வாங்கிட்டு வா. தலை வலிக்குது.

மனைவி: பேச்ச மாத்தாதீங்க.

டிரைவர்: சர்க்கரை கம்மியா.

மனைவி: …உனக்கும் வாங்கிட்டு வரவாம்மா?

டெக்னீஷியன்: வேண்டாம் அக்கா.

டிரைவர்: போயிட்டாளா? கதவச் சாத்து.

டெக்னீஷியன்: சாத்திட்டேன். நானும் உங்ககிட்டத் தனியா ஒண்ணு கேக்கணும். இந்தத் திரையில ராத்திரி ஆரம்பத்தப் பாருங்க. மைக்குல குறட்டை. நல்ல பலமான குறட்டை. ஆனா மூளைக் கோடு என்ன சொல்லுது தெரியுமா?

டிரைவர்: எனக்கு எப்படித் தெரியும்?

டெக்னீஷியன்: முழிச்சிருக்கீங்கன்னு சொல்லுது.

டிரைவர்: வயர் கழண்டிருக்கும்.

டெக்னீஷியன்: கேமராவும் கழண்டிருக்குமா? குறட்டை விட்டுக்கிட்டே தலையத் தூக்கி அக்கா படுத்திருந்த கட்டில எட்டிப் பார்க்குறீங்க. மறுபடி படுத்துக் குறட்டை. மறுபடி எட்டிப் பார்க்குறீங்க. அவங்க அசையலைன்னு தெரிஞ்சதும் சட்டுன்னு நிறுத்திட்டுத் திரும்பிப் படுக்குறீங்க. அதுக்கு அப்புறம்தான் நிஜத் தூக்கம்… இத்தனை பேரப் பார்த்திருக்கேன், முழிச்சுக்கிட்டே குறட்டை விட்ட ஆள் நீங்க ஒருத்தர்தான்.

டிரைவர்: …இத அவகிட்டக் காட்டாதே.

டெக்னீஷியன்: ஏன் சார்?

டிரைவர்: இவளோட அம்மா இவ பக்கத்துல படுத்திருக்கும்போதுதான் போனாங்க. ஒரு சத்தம் இல்ல. இவ காலையில எழுந்து காபி போட்டுட்டு வந்து எழுப்பியிருக்கா… அதிலேர்ந்து சத்தம் இல்லாம பக்கத்துல யாரும் தூங்கக் கூடாது இவளுக்கு. நான் கொஞ்சம் அமைதியாத் தூங்கினாப் போதும், மூக்குக்கிட்ட விரல வச்சுப் பார்ப்பா. நான் கண்ணத் தொறந்தா எதிர்ல விரல்.

டெக்னீஷியன்: ஐயோ.

டிரைவர்: குறட்டை கேட்டா நிம்மதியாப் படுத்துக்குவா. அதான்… அவ கண்ணசர்ற வரைக்கும் நானே விடுவேன். பழகிப் போச்சு. இப்ப நீ மாஸ்க்க மாட்டி வாயடைச்சுட்டா அவ எப்படித் தூங்குவா?

டெக்னீஷியன்: அதுக்காக உங்க உயிர அடகு வைப்பீங்களா? பஸ்ல வர்றவங்களோட உயிரையும் சேர்த்து?

டிரைவர்: அதத்தான் யோசிக்கிறேன். பேசாம கேட்டுல உக்காந்து கையாட்டிட்டுப் போறேன்.

டெக்னீஷியன்: ராத்திரி மூச்சு நிக்கிறது கேட்டுல உக்காந்தா சரியாயிடுமா?

டிரைவர்: கோவப்படாதே தங்கச்சி… வர்றா, வர்றா. வாய மூடு.

மனைவி: இந்தாங்க. சூடா இருக்கு. என்னம்மா, ரெண்டு பேரும் உம்முனு இருக்கீங்க?

டெக்னீஷியன்: சார் மாஸ்க் வேண்டவே வேண்டாங்கிறார் அக்கா.

மனைவி: அத மாட்டினா குறட்டை வராதா?

டெக்னீஷியன்: வராது. மிஷின்ல காத்துச் சத்தம் மெல்லிசாக் கேக்கும், அவ்வளவுதான்.

மனைவி: மூச்சு நின்னா?

டெக்னீஷியன்: நிக்க விடாது அக்கா. அதுக்குத்தான் மிஷின். ஒழுங்கா ஓடுதான்னு நாங்களும் பார்ப்போம்.

மனைவி: அப்ப மாட்டி அளவு பாரு.

டிரைவர்: ஏய், நான்தான் ஒத்துக்காதுன்னு…

மனைவி: எனக்காக ஒத்துக்காது. அதானே?

டிரைவர்: உனக்காகவா? என்ன உளர்ற?

மனைவி: நான் தூங்கணும்னு நீங்க கஷ்டப்பட்டுக் குறட்டை விடுறது எனக்குத் தெரியாதா?

டிரைவர்: …தங்கச்சி, நீ சொல்லிட்டியா?

டெக்னீஷியன்: நான் வாயே தொறக்கல சார்.

மனைவி: அவ எதுக்குச் சொல்லணும்? உங்க நிஜக் குறட்டை விட்டு விட்டு வரும். நடுவுல நிக்கும், என் உயிரும் நிக்கும். நீங்க முழிச்சுக்கிட்டு விடுறது நிக்கவே நிக்காது, ரம்பத்துல மரம் அறுக்கிற மாதிரி ஒரே சீரா வரும். ஒரு நிமிஷம் கேட்டாலே கண்டுபிடிச்சுடுவேன். பாவம், நாளெல்லாம் வண்டி ஓட்டிட்டு வந்த மனுஷன் நிறுத்திட்டுத் தூங்கட்டும்னு நான் அசையாமக் கிடப்பேன். நீங்க தூங்கினதும் எழுந்து உக்காந்து, எப்ப நிக்கும் எப்ப வரும்னு விடிய விடிய விரலும் கையுமா இருப்பேன். நேத்து ஒரு ராத்திரிதாங்க நான் நிஜமாத் தூங்கினேன், சுவருக்கு அந்தப் பக்கம் இந்தப் பொண்ணு உங்க மூச்சப் பார்த்துக்கிட்டு முழிச்சிருக்குங்கிற தைரியத்துல… மாட்டிக்குங்க, எனக்கும் தூங்கணும்.