தாராபுரம் சாலையில் அணைத்த சூடம்

இரவு ஒன்றரை மணி. காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலை. இருபுறமும் கொறங்காட்டு மேய்ச்சல் நிலம், வெள்வேல மரங்கள்... ஒரு வண்டி கிடையாது.

நம் நித்யஸ்ரீயின் பெரியப்பா மகள் லோகப்பிரியாவுக்கு நேர்ந்தது இது. குறுக்கே யாரும் பேச வேண்டாம்.

எட்டு வருடங்களுக்கு முன்பு, அதே இடத்தில் நின்றிருந்த கொப்பரை லாரியின் பின்னால் நடிகர் வெங்கடபதியின் கார் மோதியது. தீப்பிடித்தது. லாரியின் ஓட்டுநர் தம்பிதுரை, லோகப்பிரியாவின் அப்பா. அன்றிலிருந்து கதைகள். வெங்கடபதி சாகவில்லை, மலேசியாவில் ஓட்டல் நடத்துகிறார் என்றார்கள். அமாவாசையன்று அங்கே கொப்பரை தீயும் நாற்றம் வரும், கார்க் கண்ணாடியை உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்கும் என்றார்கள். உயிரோடு தட்டிய மனிதனை விட்டுவிட்டு ஓட்டுநர் மூட்டைகளை இறக்கினான் என்றும் சொன்னார்கள். தம்பிதுரை டீக்கடைக்குப் போனால், "ஏனுங்க, மூட்டையெல்லாம் பத்திரந்தானுங்களா?" என்பார்கள். அவர் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

அப்பா தலைநிமிர வேண்டும். அதற்காகவே லோகப்பிரியா யூடியூபில் அந்தக் கதைகளை ஒவ்வொன்றாக உடைத்தாள். மலேசியக் கதை பொய். நாற்றம், சுற்றியுள்ள எண்ணெய் ஆலைகளுடையது. பிரேதப் பரிசோதனையின்படி கழுத்து ஒடிந்து அந்த நொடியே உயிர் போயிருந்தது. பிறகு யார் தட்டியிருக்க முடியும்? எஞ்சியது ஒன்றுதான்... அப்பா, அந்த இடத்திலேயே, சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். இந்தப் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

"சூடம் மட்டும் வேண்டாம், அம்மணி" என்றார் தம்பிதுரை.

"உண்மையத்தானே சொல்லப் போறீங்க? அப்பறம் என்னங்கப்பா?"

அந்த இரவு, அவளுடைய காரில் அவர் அங்கே வந்து இறங்கினார்.

போனைச் சாலையோரக் கல்லின் மேல் நிமிர்த்திவைத்து வீடியோ எடுக்கத் தொடங்கினாள். காரின் முன்மூடி மேல் தட்டு. தட்டில் சூடம். "நான் போறப்பவே அவரு செத்துட்டாருங்க" என்று சொல்லி அவர் தீயின் மேல் உள்ளங்கையை அறைந்தார்.

அணைந்தது.

பிறகு... நாற்றம். தேங்காயெண்ணெய் காந்தும் நாற்றம். அன்று எந்த ஆலையும் ஓடவில்லை.

அவருடைய விரல்களுக்கிடையே தீ எட்டிப் பார்த்தது. உதறினார். சட்டைக் கையில் ஏறியது. கார்க் கதவு திறந்தது... யாரோ பிடரியைப் பற்றி இழுத்தது போல அவர் உள்ளே விழுந்தார். கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

டொம்... டொம்... டொம்...

உள்ளிருந்து தட்டினார். கையால், பிறகு நெற்றியால். கண்ணாடியில் இரத்தம் அப்பியது. கார் முழுக்கத் தீ பரவி முடி பொசுங்கியது. லோகப்பிரியா வீல் ஸ்பேனரை எடுத்துக் கண்ணாடியில் ஓங்கி ஓங்கி அடித்தாள். கீறல்கூட விழவில்லை. தோல் உரிந்த முகத்தைக் கண்ணாடியில் அழுத்தி அவர் கத்தியது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"உசுரோடதான் இருந்தாரு, கண்ணு... மூட்டையத்தான் மொதல்ல எறக்குனேன்..."

நெடுநேரம் தட்டினார். பிறகு தட்டவில்லை.

விடிந்தபின் மருத்துவர் அவளைத் தனியே அழைத்துப் பேசினார். "கழுத்து ஒடிஞ்சிருக்குதுங்க. அந்த நொடியே போயிட்டாரு. துடிச்சிருக்க மாட்டாருங்க, மனசத் தேத்திக்கங்க." தன் வீடியோவில் அவள் ஊருக்குச் சொன்ன அதே ஆறுதல்.

அன்று மாலை, உரிந்துபோன உள்ளங்கைகளில் கட்டுப் போட்டுக்கொண்டு, அவள் பதிவை ஓடவிட்டுப் பார்த்தாள். கார் எரிகிறது. உள்ளே அப்பா தட்டுகிறார். வெளியே அவள் நிற்கிறாள். ஸ்பேனரைத் தொங்கவிட்டபடி, ஒரு முறைகூடக் கையை ஓங்காமல், பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

திரையில் அவள் தோளின் மேல், ஆதரவாக வைத்தது போல... கரிந்துபோன ஒரு கை.