நுன்ட்சியா குடித்த கசாயம்

கொத்தமல்லியைப் பக்குவமாக வறுத்தால் வீடே மணக்கும்; கருகவிட்டால் வாயில் வைக்க முடியாது. நான் வேண்டுமென்றுதான் கருகவிட்டேன். அதிலிருந்து தொடங்கினால் உங்களுக்கு விளங்கும்.

என் பெயர் குகனேஸ்வரி. இத்தாலியின் பலெர்மோவில் அது எவர் நாக்கிலும் ஏறவில்லை; வேலை செய்த வீடுகளிலெல்லாம் நான் மரியாதான். கணவர் இறந்த பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடவும் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வியா மக்வேதா கடைத்தெருவில் கடை கடையாகப் பார்த்து நடந்துவிட்டு, ஒருவரோடும் கதைக்காமல் அறைக்குத் திரும்புவேன்.

கால்சாப் பகுதியில் சினியோரா அகத்தா என்ற வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போனபோது அவருக்கு மறதி தொடங்கியிருந்தது. சிறு வயதில் காய்ச்சலில் இறந்துபோன தன் தங்கை நுன்ட்சியா என்று என்னை நினைத்துக்கொண்டார். முதலில் திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன்.

"நுன்ட்சியா, இஞ்சை வா. தலை இழுத்து விடுறன்," என்பார். நான் அவர் காலடியில் அமர்ந்துகொள்வேன். என் நரைத்த தலையை அந்த நடுங்கும் கைகள் வாரிப் பின்னும்போது எனக்கு அழுகை வரும். அவ்வளவு சந்தோஷம்.

மிலானோவில் இருக்கும் அவர் மகள் லவுரா, ஒரு சீன வைத்தியரிடம் வாங்கி வேரும் பட்டையுமாகப் பொட்டலங்கள் அனுப்பினாள். ஞாபக சக்திக்கு நல்லதாம். வற்றக் காய்ச்சிக் காலையில் கொடுக்க வேண்டும். எனக்குக் கைப்பழக்கமான வேலை. ஒழுங்காகவே கொடுத்தேன், அதில் என்னைக் குறை சொல்ல முடியாது.

மருந்தோ, வேளாவேளைக்கு நான் கொடுத்த சாப்பாடோ, சினியோரா தெளியத் தொடங்கினார். கிழமையைச் சரியாகச் சொன்னார். மகளின் தொலைபேசி எண்ணைத் திரும்பப் பாடமாக்கினார். ஒருநாள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"நீ நுன்ட்சியா இல்லை. அவள் செத்துப்போனாள்," என்றார். பிறகு, "உன்ரை பேர் என்ன? மரியா இல்லை, உன்ரை சொந்தப் பேர். சொல்லித் தா, நான் பாடமாக்குறன்."

அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன். அன்றைக்கு எனக்குத் தலை பின்ன ஆளில்லை.

மறுநாளிலிருந்து அவருக்குக் கருகல் கொத்தமல்லிக் கசாயம். நிறம் அதேதான். சீன மருந்தைக் கொட்ட மனம் வரவில்லை. மருந்தைக் கொட்டுவது பாவம் என்று வளர்ந்தவள் நான். அதனால் நானே குடித்தேன்.

அப்படியும் அவர் மறக்கவில்லை. தினமும் காலையில், "உன்ரை பேர்?" என்று கேட்டார். நித்திரை வராவிட்டால் மட்டும் கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிய மாத்திரைகள் அலமாரியில் கிடந்தன. கசாயத்தில் கரைத்தேன். கருகல் கசப்பில் வேறு கசப்புத் தெரியாது. கொஞ்ச நாளில் நுன்ட்சியா திரும்பி வந்துவிட்டாள்.

"அம்மாவின்ரை குரல் ஏன் இழுபடுது? கசாயம் குடிக்கிறாவோ?" என்று லவுரா தொலைபேசியில் கேட்டாள்.

"ஓம், ஒரு நாளும் தவறாமல் குடிக்கிறா," என்றேன். அது பொய் இல்லையே.

மாசி மாதத்தில் ஒரு காலை, சினியோரா சீப்பை எடுத்துவிட்டு மறுபடியும் தயங்கினார். அதே பார்வை. அன்று மாத்திரைகளைக் கூட்டினேன். எவ்வளவு ஆபத்து என்று தெரியாது என்று சொல்லமாட்டேன். பெட்டியில் எழுதியிருந்தது; எனக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியும்.

மத்தியானத்துக்குள் அவர் கை குளிர்ந்துவிட்டது. அந்தக் கையில் சீப்பை வைத்துப் பிடித்து, என் தலையை ஒருமுறை இழுத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் லவுராவை அழைத்தேன்.

சீன மருந்து நல்ல மருந்து. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஒரு சொல் விடாமல். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்: நேற்று விசாரணையில் நீங்கள் கேட்கும்வரை, இந்த ஊரில் ஒருவர்கூட என் பெயர் என்னவென்று கேட்டதில்லை.